வேலூருக்கு இருமுறை வந்த வைரஸ்

(தஞ்சாவூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எச்.ஐ.வி. வைரஸ் வேலூருக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை வந்தது 1986 பிப்ரவரியில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன ஆய்வுக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்தம் சேகரித்தார். அதை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். சோதிக்கும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இருந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, எச்.ஐ.வி. இருக்கிறது என்று பொருள். எய்ட்ஸ் எல்லாம் மேல்நாட்டுச் சமாசாரம், நம் ஒழுக்கத்துக்கு அது இங்கே எட்டிப் பார்க்காது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இரண்டாவது முறை வந்தபோது அது நோயாளியின் இரத்தத்தில் வரவில்லை. மருந்தைச் சுமந்துகொண்டு வந்தது. ஹீமோஃபீலியா என்ற இரத்தம் உறையாத நோய் கொண்ட ஐந்து பேருக்கு, எச்.ஐ.வி.யிலிருந்து செய்த ஒரு வைரஸைக் கொண்டு மரபணுவைக் கொடுத்த முடிவுகள் 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன. சிகிச்சை நடந்தது அதே சி.எம்.சி.யில். இந்த இரண்டு வருகைக்கும் நடுவே நடந்ததைத்தான் இன்று பேசப்போகிறேன். நான் தாவரவியல் வாத்தியார். மருத்துவர் இல்லை. அதனால் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

வைரஸ் நமக்குப் புதிதல்ல. துங்ரோ நோய் வந்த பட்டத்தில் நெல் எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். பயிர் குட்டையாக நின்றுவிடும், இலை ஆரஞ்சும் மஞ்சளுமாகப் போகும், கதிர் வந்தாலும் பதர்தான். பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவருகிறது என்று விவசாய அலுவலர் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. துங்ரோ ஒரு வைரஸ் அல்ல, இரண்டு. ஒன்று கோல் வடிவம், மற்றொன்று உருண்டை. பயிரை இப்படி வாட்டுவதில் பெரும்பங்கு கோல் வடிவ வைரஸுக்கு. ஆனால் உருண்டை வைரஸின் துணை இல்லாமல் பூச்சி அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்னொரு விசேஷமும் உண்டு: அந்தக் கோல் வைரஸ் பெருகும்போது ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைத் திருப்பி எழுதுகிறது. எச்.ஐ.வி. செய்வதும் இந்த வித்தையைத்தான். ஆக, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துப் பாத்திகளிலும் சென்னை மருத்துவமனை வார்டுகளிலும் இருந்தவை தூரத்துப் பங்காளிகள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வைரஸின் வேலைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதற்காக. சுமந்து போவது ஒரு வேலை. நுழைவது ஒரு வேலை. பெருகுவது ஒரு வேலை. கெடுப்பது பெரும்பாலும் பெருகுவதால் வருவது. பெருகும் வேலையை மட்டும் எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது ஓர் உயிரணுவுக்குள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த துகள். மரபணு சிகிச்சை முழுக்க இந்த ஒரு யோசனையின் மீது நிற்கிறது.

முதலில் பிடித்த வைரஸ்கள் எலிகளிடமிருந்து வந்த ரெட்ரோவைரஸ்கள். அவை நம் டி.என்.ஏ.யோடு தம் சரக்கை ஒட்டிவிடும், செல் பிரியப் பிரிய சரக்கும் கூடவே போகும். அதனால் இரத்தம் போன்ற, ஓயாமல் பிரியும் செல்களுக்கு அவை பொருந்தின. ஆனால் ஒரு குறை. செல் பிரியும்போது அதன் உட்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொஞ்ச நேரம் கலையும். அந்த நேரத்தில்தான் இவற்றால் உள்ளே போக முடியும். மூளையின் நரம்பு செல் பிரிவதில்லை. அங்கே இந்த வைரஸ் வாசலில் நின்று செத்துப்போகும்.

எச்.ஐ.வி. அப்படியல்ல. சவ்வு கலையாமலேயே உட்கருவுக்குள் போகத் தெரிந்தது.  கலிஃபோர்னியாவில் சால்க் ஆய்வு நிலையத்தில், பஞ்சாபின் சங்ரூரில் பிறந்த இந்தர் வர்மாவின் ஆய்வகத்தில் இதைப் பயன்படுத்திக்கொள்ள முனைந்தார்கள். அங்கே வேலை செய்த இத்தாலிய மருத்துவர் லூயிஜி நால்டினி முதல் ஆசிரியராக 1996-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எச்.ஐ.வி.யின் உடம்பைப் பிய்த்துப் பல துண்டு டி.என்.ஏ.க்களாக ஆக்கினார்கள். சரக்கைச் சுமக்கும் துண்டிலிருந்து, வைரஸ் பெருகத் தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டார்கள். அதன் மேலுறையையும் கழற்றிவிட்டு, மாடு, குதிரைகளுக்கு வாய்ப்புண் நோய் கொடுக்கும் வேறொரு வைரஸின் உறையைப் போர்த்தினார்கள். எலியின் மூளைக்குள் செலுத்தியபோது, பிரியாத நரம்பு செல்கள் புதிய மரபணுவை ஏற்றுக்கொண்டு வேலை செய்தன. இப்படிச் செய்ததைத்தான் இன்று லென்டிவைரஸ் வெக்டர், அதாவது சரக்கைச் சுமக்கும் வைரஸ், என்கிறோம்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பெயர் ஃப்ரெட் கேஜ். மூளைப் பகுதி அவருடைய களம். வளர்ந்த மூளையில் புதிய நரம்பு செல் பிறக்காது என்பது பாடப்புத்தகத்தில் வெகுகாலம் இருந்த வாக்கியம். நானே அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் சொன்னோம். ஜோசஃப் ஆல்ட்மன் 1960-களிலேயே எலிகளில் இதற்கு எதிரான சான்று காட்டினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1992-இல் கனடாவில் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து நரம்பு ஸ்டெம் செல்களை, அதாவது புதிய நரம்பு செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களை, பிரித்து வளர்த்தார்கள். 1998-இல் கேஜும் ஸ்வீடனின் எரிக்சனும் மனித மூளையிலும், ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில், புதிய செல்கள் பிறப்பதைக் காட்டினார்கள். பிறகு எலிகளில் கேஜின் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். பிரியும் செல்லில் மட்டும் நுழையும் பழைய ரெட்ரோவைரஸின் குறையையே அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். அதில் ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்துச் செலுத்தினால், அன்றைக்குப் பிறந்துகொண்டிருந்த செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்தச் செல் கிளைவிட்டு, பக்கத்துச் செல்களோடு இணைந்து, முழு நரம்பு செல்லாக வேலை செய்வது தெரியும்.

மனிதரில் இது எவ்வளவு என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. 2018-இல் ஒரே வசந்த காலத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பெரியவர்கள் மூளையில் புதிய செல்லே தென்படவில்லை என்றது ஒன்று. எழுபது வயதைத் தாண்டியும் பிறக்கின்றன என்றது மற்றது. இந்தச் சண்டை நமக்கு ஏன் முக்கியம் என்றால், நம் ஊர்ப் பக்கத்திலேயே ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று சொல்லி மூளைவாதம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. மூளையில் செல் பிறக்கிறதா என்பதிலேயே நிபுணர்கள் ஒத்துப்போகாதபோது, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த செல்லை முதுகில் ஊசி போட்டு ஏற்றினால் அது மூளையாகும் என்று ஒருவர் ரசீது போட்டுக் கொடுக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது உங்கள் பணம்.

அப்படியென்றால் மூளை, நரம்பு நோய்களுக்கு மரபணு சிகிச்சையே இல்லையா? இருக்கிறது. 2021-இல் 16 கோடி ரூபாய் ஊசி என்று நம் பத்திரிகைகளில் அடிபட்ட மருந்து நினைவிருக்கும். ஊர்கூடிப் பணம் திரட்டி, ஒரு குழந்தைக்குப் போட்டார்கள். முதுகுத்தண்டு நரம்பு செல்கள் அழியும் நோய்க்கான அந்த மருந்தைச் சுமப்பது ஏ.ஏ.வி. என்ற வைரஸ். துங்ரோவின் கோல் வைரஸுக்குப் பரவத் துணை வேண்டியதுபோல, இதற்குப் பெருகுவதற்கு அடினோவைரஸ் போன்ற ஒரு துணை வேண்டும். அந்தப் பலவீனம்தான் மருத்துவர்களுக்கு வசதி.

நால்டினி வேறு வழியில் போனார். மிலான் நகரில் அவரும் அவர் சகாக்களும் மூளையின் வெள்ளைப் பகுதி கரையும் ஒரு குழந்தை நோயை எடுத்துக்கொண்டார்கள். மூளையைத் தொடவே இல்லை. குழந்தையின் இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸால் பழுதான மரபணுவின் நல்ல பிரதியைக் கொடுத்து, திருப்பி ஏற்றினார்கள். அவற்றின் வாரிசு செல்களில் சில மூளைக்குள் குடியேறி, அங்கே இல்லாத நொதியைச் சுரந்தன. 2013-இல் முதல் முடிவுகள் வந்தன, 2020-இல் ஐரோப்பா அதை மருந்தாக ஒப்புக்கொண்டது. எலி மூளையில் ஊசி குத்தித் தொடங்கிய மனிதர், இந்த நோய்க்கு இரத்தம் வழியாக மூளைக்குப் போனார்.

இனி வேலூர்.

ஹீமோஃபீலியா ஏ என்பது பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு வருவது. இரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் இவர்களிடம் இல்லாமலோ குறைவாகவோ இருக்கும். நம் வீடுகளில் சில நேரம் இது காதுகுத்தில் தெரியவரும். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து, பத்தர் கம்பியைப் போடுவார். மறுநாள் காலையிலும் பிள்ளையின் சட்டைக் காலர் ஈரமாக இருக்கும். இஸ்லாமியக் குடும்பங்களில் சுன்னத்தில் தெரியும். “இவங்க மாமனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று ஒரு பாட்டி சொல்லுவார். அந்தப் பாட்டி சொல்வது முழுக்கச் சரி. நோய் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. தாய்வழியாக வருகிறது, தாய்மாமன்மாரிடம் தென்படுகிறது. மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் மட்டும் முன்கதை எதுவும் இல்லாமல் புதிதாக முளைக்கும்.

பிறகு அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்குவான். வெளிக்காயம் பெரிய சங்கடமல்ல, கட்டுப் போட்டுவிடலாம். முட்டிக்குள் கசியும் இரத்தம்தான் ஆளை முடக்குவது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது, முட்டி மட்டும் இளஞ்சூடாக வீங்கி, மடக்க முடியாமல் போகும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவார்கள். நீவ நீவ இன்னும் கசியும். பத்து வயதுக்குள் மூட்டு தேய்ந்து கால் கோணிப்போனவர்கள் நம் கிராமங்களில் உண்டு. சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று அக்கம்பக்கம் பேசும். அது தப்பு. இந்தத் தாயைச் சொந்தத்தில் கொடுக்காமல் அசலில் கொடுத்திருந்தாலும் அவளுக்குப் பிறக்கும் மகனுக்கு நோய் வரும் வாய்ப்பு அதேதான். நோய் உள்ளவர் தன் தாய்வழிச் சொந்தத்தில் பெண் எடுக்கும்போது மட்டும் நம் வழக்கம் உண்மையிலேயே ஆபத்து: அப்படி ஒரு மாமன் தன் அக்கா மகளையே கட்டினால், அவளும் நோயைச் சுமப்பவளாக இருக்கக்கூடும், பெண் குழந்தைக்கே நோய் வரலாம். மற்றபடி அந்தத் தாயின் மேல் பழி போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெளிநாடுகளில் 1970-களில் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, ஃபேக்டர் 8-ஐப் பொடியாகப் பிரித்தெடுத்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளும்படி கொடுத்தார்கள். கலந்த தொட்டியில் ஒருவர் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தால் போதும். அமெரிக்காவில் ஹீமோஃபீலியா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று ஏறியது. ஒரு தலைமுறையே போனது. சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களைக் கொன்ற அதே வைரஸைத்தான் இன்று அவர்களுடைய மரபணுவைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் யாரும் பழி தீர்ப்பதற்காகச் செய்யவில்லை, அதன் நுழையும் திறமைக்காகச் செய்தார்கள். ஆனாலும் எனக்கு இதில் ஒரு திருப்தி உண்டு.

சி.எம்.சி.யில் இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் இரத்தவியல் பேராசிரியர் அலோக் ஸ்ரீவாஸ்தவா. அவர் பெயர் மரபணு சிகிச்சைக்கு முன்பே உலகம் அறிந்தது. உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பின் சிகிச்சை வழிகாட்டி நூல்களில், 2013-இலும் 2020-இலும், முதல் பெயர் அவருடையது. பணக்கார நாடுகளின் அளவில் மருந்து கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்பது அவருக்குப் படித்துத் தெரிந்ததல்ல, வார்டில் தெரிந்தது. சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986-இலேயே மாமன் சாண்டி தொடங்கிவிட்டார், நிர்மலாவின் ஐஸ் பெட்டி வந்த அதே வருஷம். மஜ்ஜையைக் கழுவித் துடைத்து, ஆளை வாரக்கணக்கில் தொற்றிலிருந்து காத்து, திரும்ப எழுப்பி உட்கார வைக்கும் செவிலியர்கள் அங்கே பல்லாண்டு பழகியவர்கள். பின்னர் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தையும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் அங்கேயே அமைத்தார்கள். ஆய்வகக் கண்டுபிடிப்பு ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டாவிலிருந்து வரும்போது, அதை வாங்கிப் போட இடம் தயாராக இருந்தது. என் கணிப்பில் வேலூரின் சாதனை இந்தத் தயார்நிலைதான். வைரஸை வாங்கிவிடலாம், நாற்பது வருஷ வார்டை வாங்க முடியாது.

அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் டிரென்ட் ஸ்பென்சர், கிறிஸ்டோஃபர் டோரிங் குழு செய்த மரபணு விசேஷமானது. மனித ஃபேக்டர் 8 செல்லிலிருந்து மெதுவாகத்தான் வெளியே வரும். பன்றியின் ஃபேக்டர் 8 தாராளமாக வரும். மனிதருடையதில் பன்றியின் சில பகுதிகளைக் கோத்து, நன்றாகச் சுரக்கும் ஒரு கலப்பு வடிவம் செய்தார்கள். நெல்லில் ஒட்டு ரகம் தெரிந்த உங்களுக்கு இது விநோதமாக இருக்காது. அதை லென்டிவைரஸில் ஏற்றினார்கள். ஏ.ஏ.வி. வைரஸில் ஏற்றியிருந்தால் ஃபேக்டர் 8 மரபணுவின் நீளத்துக்கு இடம் பற்றாது, நிறைய வெட்ட வேண்டும். அதிலும் பலர் உடலில் ஏ.ஏ.வி.க்கு எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்கு அதைக் கொடுக்கவே முடியாது.

சிகிச்சை இப்படி நடந்தது. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியே வைரஸோடு சேர்த்து வைத்தார்கள். பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்தார்கள். நடவுக்கு முன்னால் வயலைக் காலி செய்து சேறாக்குவது மாதிரி, இடம் விட்டால்தான் புதிய செல் வேர் பிடிக்கும். பிறகு திருத்திய செல்களை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். ஐந்து பேர், 22 முதல் 41 வயது வரை. முதல் இருவருக்கும் ஃபேக்டர் அளவு கொஞ்சம்தான் ஏறியது: இயல்பான அளவில் ஒருவருக்கு 5 சதவீதம், மற்றவருக்கு 2-க்கும் கீழே. வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்து அடுத்த மூவருக்குச் செய்தார்கள். 37, 19, 40 சதவீதம். ஆனால் 2 சதவீதம் எட்டாதவர் உட்பட ஐந்து பேருக்கும், எல்லார் கண்காணிப்பையும் கூட்டிய 81 மாதங்களில், ஓர் இரத்தக் கசிவுகூட இல்லை. தீவிர நோயென்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதைத் தாண்டினாலே மூட்டுக்குள் கசிவது குறையும்.

கைதட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது. ஐந்து பேர் என்பது ஐந்து பேர்தான். மரபணு எங்கே போய் ஒட்டுகிறது என்பது முழுக்க நம் கையில் இல்லை. பிரான்சில் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்குப் பழைய ரெட்ரோவைரஸால் சிகிச்சை செய்தபோது, 2002-இலிருந்து சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, தவறான மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டியதால். லென்டிவைரஸ் அதைவிடப் பத்திரமானது என்று நம்பினோம். 2024-இல் ஒரு மூளை நோய்க்கான லென்டிவைரஸ் சிகிச்சையில் 67 குழந்தைகளில் 7 பேருக்கு இரத்தப் புற்று வந்ததாக அறிக்கை வந்தது. அது வேறு வெக்டர், வேறு வடிவமைப்பு. இருந்தாலும் வேலூரில் சிகிச்சை பெற்றவர்களைப் பல வருஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து குழந்தைப் பேற்றையும் பாதிக்கலாம், இளைஞரிடம் அதை முன்னாலேயே பேசிவிட வேண்டும். இதற்கிடையில் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற ஊசி வந்துவிட்டது. மஜ்ஜையைத் தொடாமலே கசிவைப் பெரிதும் தடுக்கிறது. நான் இருபது வயதுப் பையனின் தகப்பனாக இருந்தால், இன்று அவசரப்பட மாட்டேன்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த நோயின் இன்னொரு வகையான ஹீமோஃபீலியா பி-க்கு 2022-இல் அனுமதி பெற்ற மரபணு மருந்து 35 லட்சம் டாலர். நால்டினி குழுவின் குழந்தை நோய் மருந்து அங்கே 42.5 லட்சம் டாலர். டெல்டாவில் ஒரு கிராமத்து நஞ்சை முழுவதையும் விற்றாலும் எட்டுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தியாவில் லென்டிவைரஸால் புற்றுநோய்க்குச் செய்த நெக்ஸ்கார்19 சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்றபோது சுமார் 42 லட்சம் ரூபாய்க்கு வந்தது. அமெரிக்காவில் இதே வகைப் புற்றுநோய் சிகிச்சையின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நமக்கு அதுவும் பெரிய தொகை. ஆனால் வைரஸை இங்கே செய்து, இங்கேயே சோதித்தால் விலை இறங்கும் என்பதற்கு அது சாட்சி. அது வரும்வரை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஃபேக்டர் மருந்து விலையில்லாமல் கொடுக்கிறார்கள் என்பதை உங்கள் தெருவில் சொல்லுங்கள். முட்டி வீங்கினால் நீவக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார். “இந்த வைத்தியம் பண்ணிக்கிட்ட பிள்ளைக்குக் கல்யாணம் ஆனா, அவன் பிள்ளைகளுக்கு நோய் போகுமா?” என்று. அருமையான கேள்வி, அம்மா. திருத்தியது இரத்த ஸ்டெம் செல்களை மட்டும், விந்தணுவை அல்ல. அவன் குணமாகிவிட்டாலும் அவன் விந்தணுவில் இருக்கும் எக்ஸ் குரோமோசோம் பழையதுதான். மகன் பிறந்தால் அவனுக்குத் தகப்பனிடமிருந்து எக்ஸ் வருவதே இல்லை, ஆகவே தகப்பன் வழியில் பயமில்லை. மகள் பிறந்தால், அத்தனை மகள்களும் நோயைச் சுமப்பவர்கள். விதிவிலக்கு கிடையாது. அவர்களுக்கும் ஃபேக்டர் 8 அளவைப் பார்த்து வைப்பது நல்லது, சிலருக்கு அதுவும் குறைவாக இருக்கும், பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாகலாம். அந்தப் பெண் முதல் மாதக் கர்ப்பத்திலேயே மருத்துவரிடம் தன் தகப்பனின் நோயைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இப்போது குணமாகிவிட்டதே என்று சொல்லாமல் விடக்கூடாது.